கீமோவுக்கு முன்னால் வரும் 'பாசிட்டிவ்'

'பாசிட்டிவ்' மாதிரி இரட்டை முகம் கொண்ட வார்த்தை வேறு எதுவும் கிடையாது. "எதையும் பாசிட்டிவா யோசிப்பா" என்று வாத்தியார் முதல் பக்கத்து வீட்டு மாமா வரை எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். அதே வார்த்தை லேப் ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. அதிலும் ஏற்கெனவே கேன்சர் என்று ஒரு இடி விழுந்த வீட்டில் "ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்" என்று இரண்டாவது இடி விழுந்தால்? கேட்கவே வேண்டாம்.

ஆனால் அந்த இரண்டாவது இடி சில சமயம் வெறும் சத்தம்தான். மழையும் இல்லை, மின்னலும் இல்லை. மருத்துவத்தில் இதற்கு 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' என்று பெயர். நோய் இல்லாதவருக்கு நோய் இருப்பதாக டெஸ்ட் சொல்லிவிடுவது. கேன்சர் நோயாளிகளுக்கு இது எப்படி வருகிறது, வந்தால் என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

கேன்சருக்கும் மஞ்சள் காமாலை கிருமிக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. ரத்தத்திலோ மார்பகத்திலோ கேன்சர் வந்தவருக்கு எதற்காகக் கல்லீரல் வைரஸ் டெஸ்ட் எடுக்கிறார்கள்?

ஹெபடைடிஸ் பி வைரஸ் ஒரு பொல்லாத குடித்தனக்காரன். ஒருவருக்கு வந்து, உடம்பு அதை அடக்கி, ரத்தத்தில் வைரஸே இல்லை என்ற நிலை வந்த பிறகும் கல்லீரல் செல்களின் கருவுக்குள் தன்னுடைய மரபுப் பிரதி ஒன்றை ஒளித்து வைத்துவிடும். உடம்பின் எதிர்ப்பு சக்தி காவல் இருக்கிற வரைக்கும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். முப்பது நாற்பது வருடம் கூட அப்படியே இருக்கலாம். அந்த ஆளுக்கே தெரியாது.

கேன்சர் மருந்து உள்ளே போனதும் காவல்காரர்கள் கும்பலாக விழுந்துவிடுகிறார்கள். முக்கியமாக ரிட்டுக்ஸிமாப் மாதிரியான மருந்துகள். ரத்தப் புற்றுநோய்க்கும் லிம்போமாவுக்கும் கொடுக்கப்படுகிற இந்த மருந்து, 'பி செல்' என்ற வெள்ளை அணுக்களைத் துடைத்து எடுத்துவிடும். வேலியைப் பிடுங்கியதும் வெள்ளாடு உள்ளே வருவது போல, தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் எழுந்துவிடும். கல்லீரல் வீங்கி, செயலிழந்து, கேன்சரில் பிழைத்தவர் காமாலையில் போய்ச் சேர்ந்த கதைகள் உண்டு. அதனால்தான் 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ரிட்டுக்ஸிமாப், ஆஃபாடுமுமாப் என்ற இரண்டு மருந்துகளின் விவரச் சீட்டிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. 2020-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ இன்னும் ஒரு படி மேலே போய், கீமோ மாதிரி உடல் முழுக்கப் போகும் மருந்து தொடங்கும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுங்கள் என்றது. ஒன்று அல்ல, மூன்று டெஸ்ட்.

அந்த மூன்றும் என்னென்ன?

முதலாவது, ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. வைரஸின் மேல்சட்டை ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் திருடன் இப்போது வீட்டுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம்.

இரண்டாவது, ஆன்டி ஹெச்.பி.சி. வைரஸின் உள்பகுதிக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடி. இருந்தால் திருடன் என்றைக்கோ ஒருநாள் வந்திருக்கிறான். போய்விட்டானா, பரணில் ஒளிந்திருக்கிறானா என்பது தனிக் கேள்வி.

மூன்றாவது, ஆன்டி ஹெச்.பி.எஸ். மேல்சட்டைக்கு எதிரான ஆன்டிபாடி. தடுப்பூசி போட்டாலும் இது வரும், நோய் வந்து குணமானாலும் வரும். இருந்தால் நல்லது.

டெஸ்ட் எடுப்பது அவசியம். அதில் சந்தேகமே வேண்டாம். டெஸ்ட்டை எப்படிப் படிப்பது என்பதில்தான் தகராறே ஆரம்பிக்கிறது.

*

ஒரு கண்டக்டரின் கதை

ஒரு பெரியவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இப்படிப்பட்டவர்கள் பல ஊரில் இருக்கிறார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். வயது 63. மெதுவாக வளரும் லிம்போசைட் வகை ரத்தப் புற்றுநோய். சில வருடங்களாக மருந்தே இல்லாமல் டாக்டர்கள் கவனித்துக்கொண்டு மட்டும் வந்தார்கள். இந்த நோயில் அது வழக்கம்தான்.

இந்த நோயில் இன்னொரு வழக்கமும் உண்டு. உடம்பு தானாகத் தயாரிக்க வேண்டிய ஆன்டிபாடிகள் குறைந்துபோகும். சளி, நிமோனியா என்று மாறி மாறி வரும். பெரியவருக்கும் வந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இம்யூனோகுளோபுலின் என்ற விலை உயர்ந்த மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். நிமோனியா சரியானது.

ஐந்து வாரம் கழித்து, கேன்சருக்கே சிகிச்சை தொடங்க வேண்டிய நேரம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ரிட்டுக்ஸிமாப் கொடுப்பதற்கு முன் மூன்று டெஸ்ட். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ். மற்ற இரண்டும் பாசிட்டிவ்.

ரிப்போர்ட்டை வாங்கிய மகனுக்கு அந்த மூன்று வரியில் கண்ணில் பட்டது 'பாசிட்டிவ்' மட்டும்தான். டாக்டரைப் பார்க்க ஆறு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அந்த ஆறு நாளில் வீட்டில் என்னென்னவோ நடந்தது. பெரியவரின் டம்ளர் தனியாக வைக்கப்பட்டது. யாரும் "தனியா வைங்க" என்று சொல்லவில்லை, தானாக நடந்தது. பேத்தி தாத்தா மடியில் உட்காரப் போனபோது "தாத்தாவுக்கு உடம்பு முடியலடா, இங்க வா" என்று குரல் வந்தது. மருமகள் கெட்டவள் இல்லை. "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று நான்கு தடவை கேட்கிறவள்தான். ஆனால் கையில் ஒரு சின்னக் குழந்தை. பயந்துவிட்டாள். பெரியவரின் மனைவியோ வேறு ஒரு பயத்தில் இருந்தார். இந்த வியாதி எப்படியெல்லாம் பரவும் என்று சொந்தக்காரர் ஒருவர் போனில் விளக்கியிருந்தார். முப்பது வருடம் ராத்திரி சர்வீஸ் போன மனிதர்... அந்த அம்மா எதையும் கேட்கவில்லை. கேட்காததுதான் பெரியவருக்கு அதிகமாக வலித்தது.

ஏழாவது நாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பழைய ஃபைலைப் புரட்டினார். வயதில் சின்னவர்.

"ஐயா, சமீபத்துல டிரிப்ஸ்ல இம்யூனோகுளோபுலின்னு ஏதாவது ஏத்துனாங்களா?"

"ஆமா தம்பி, நிமோனியா வந்தப்ப பாட்டில் பாட்டிலா ஏத்துனாங்க. பில்லைப் பார்த்துதான் மறுபடி ஜுரம் வந்துச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார். எட்டு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட் ஒன்று ஃபைலில் இருந்தது. அதில் மூன்றுமே நெகட்டிவ்.

*

வந்தவை யாருடைய ஆன்டிபாடிகள்?

இம்யூனோகுளோபுலின் தொழிற்சாலையில் ரசாயனத்தைக் கலந்து செய்வது அல்ல. அது மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்து எடுக்கப்படுவது. ஒரு தொகுதி மருந்து செய்யக் குறைந்தது ஆயிரம் பேர், பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு பேர் கொடுத்த பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அதில் வைரஸ் இல்லாதபடி சோதிக்கிறார்கள், சுத்திகரிக்கிறார்கள். ஆனால் ஆன்டிபாடிகளை நீக்க முடியாது. ஆன்டிபாடிகள்தானே அந்த மருந்தே! அத்தனை பேரில் சிலருக்கு எப்போதோ ஹெபடைடிஸ் பி வந்து போயிருக்கும். பலர் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அவர்களுடைய ஆன்டிபாடிகளும் பாட்டிலில் சேர்ந்தே வரும். நோயாளியின் கைக்குள் இறங்கும். லேப் மெஷின் அதைப் பார்த்து "ஆன்டிபாடி இருக்கு" என்று சொல்லும்.

மெஷின் பொய் சொல்லவில்லை. ஆன்டிபாடி உண்மையிலேயே அங்கே இருக்கிறது. ஆனால் அது அவருடையது இல்லை. இரவல்!

இதைக் கேட்டதும் பெரியவர் சொன்ன பதில்தான் பிரமாதம். "முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவன் தம்பி நான். எவனோ ஏறின பஸ்ஸுக்கு என்கிட்ட டிக்கெட் கேட்கறீங்களே!"

இரவல் ஆன்டிபாடிக்கு ஆயுள் குறைவு. ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடி ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் மூன்று வாரம் ஆகும். மூன்று வாரத்தில் பாதி, ஆறு வாரத்தில் கால், ஒன்பது வாரத்தில் அரைக்கால், பன்னிரண்டு வாரத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஆக, மருந்தை மறுபடி ஏற்றாமல் சில மாதம் விட்டால் பாசிட்டிவ் தானாகவே நெகட்டிவ் ஆகிவிடும்.

டாக்டர் சும்மா விட்டுவிடவில்லை. எட்டு மாத இடைவெளியில் உண்மையாகவே தொற்று வந்திருக்கவும் வாய்ப்பு உண்டே? அதற்காக இரண்டு டெஸ்ட் எழுதினார். ஒன்று, ஐ.ஜி.எம். வகை ஆன்டிபாடி. புதிதாகத் தொற்று வந்தால் முதலில் தலைகாட்டுவது இதுதான். இம்யூனோகுளோபுலின் மருந்தில் இருப்பது பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. என்பதால் இது இரவலாக வர வழியில்லை. இரண்டாவது, வைரஸின் டி.என்.ஏ. ரத்தத்தில் இருக்கிறதா என்று நேரடியாகத் தேடும் டெஸ்ட். இரண்டிலும் ஒன்றும் இல்லை. சிகிச்சை தள்ளிப்போகவில்லை. பாதுகாப்புக்கு வைரஸ் தடுப்பு மாத்திரை ஒன்றைக் கூடவே கொடுத்து ஆரம்பித்தார்கள். சில மாதம் கழித்து எடுத்த டெஸ்ட்டில் ஆன்டி ஹெச்.பி.சி. நெகட்டிவ். பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார்கள்.

*

வேறு எப்படியெல்லாம் ஏமாற்றும்?

இரவல் ஆன்டிபாடி ஒரு வழி. இன்னும் சில வழிகள் இருக்கின்றன.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே ஒரு காரணம். தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேல்சட்டைப் புரதம். ஊசி போட்டு 18 நாள் வரைக்கும் கூட அது ரத்தத்தில் தென்படலாம். அந்த நேரத்தில் டெஸ்ட் எடுத்தால் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று வந்து நிற்கும். அதனால் ரத்தம் எடுத்துவிட்டு ஊசி போடுவதுதான் முறை.

சிலருடைய ரத்தத்தில் டெஸ்ட்டின் ரசாயனங்களோடு தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் இருக்கும். மூட்டுவாத நோயில் வரும் ருமாட்டாய்டு ஃபேக்டர் இந்த ரகம். வைரஸ் இல்லாமலே மெஷினை 'பாசிட்டிவ்' சொல்லவைத்துவிடும்.

அடுத்தது பயோடின். கீமோவில் முடி கொட்டியவர்கள் பலர் முடி வளர வேண்டும் என்று வாங்கிச் சாப்பிடுகிற அதே வைட்டமின் மாத்திரை! பல லேப் டெஸ்ட்கள் பயோடினையே பசை மாதிரி பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தால் ஒரு வகை டெஸ்ட்டில் அளவு குறைத்துக் காட்டும், இன்னொரு வகை டெஸ்ட்டில் கூட்டிக் காட்டும். எஃப்.டி.ஏ. இதைப் பற்றி 2017-ல் எச்சரித்தது. வைட்டமின்தானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

இதெல்லாம் போக, குழாயில் பெயர் மாற்றி ஒட்டுவது மாதிரி சாதாரண மனிதத் தவறுகள். அதற்கு விளக்கம் தேவையில்லை.

*

கொஞ்சம் கணக்கு

கணக்குப் பிடிக்காதவர்கள் கூட இதை மட்டும் படித்துவிடுங்கள்.

ஒரு டெஸ்ட் நோய் உள்ள யாரையும் தவறவிடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் இல்லாத 1000 பேரில் 995 பேரைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும், 5 பேரைத் தப்பாகப் பாசிட்டிவ் என்று சொல்லும். 99.5 சதவீதம் சரி! பரீட்சையில் இப்படி மார்க் வந்தால் வீட்டில் பிரியாணிதான்.

இப்போது ஆயிரத்துக்கு 5 பேருக்கு மட்டுமே நோய் உள்ள ஒரு நாட்டில் 1000 பேருக்கு டெஸ்ட் எடுங்கள். நிஜப் பாசிட்டிவ் 5. பொய்ப் பாசிட்டிவும் சுமார் 5. ஆக, பாசிட்டிவ் வந்த பத்துப் பேரில் ஐந்து பேருக்கு நோயே இல்லை! இப்படிப்பட்ட நல்ல டெஸ்ட்டுக்கே இந்தக் கதி.

அதே டெஸ்ட்டை ஆயிரத்துக்கு 30 பேருக்கு நோய் உள்ள நாட்டில் எடுங்கள். நிஜம் 30, பொய் 5. அதாவது 35-ல் 30 பேர் நிஜமான நோயாளிகள்.

இந்தியா இந்த இரண்டாவது ரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகத்தில் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 25.4 கோடிப் பேர். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடி. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி நாடு முழுவதும் வந்ததே 2011-ல்தான். ஆகவே நம் ஊரில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் "அதெல்லாம் பொய்யா இருக்கும்" என்று தூக்கிப்போடுவது தற்கொலைக்குச் சமம். சந்தேகப்பட வேண்டும், உறுதிப்படுத்த வேண்டும். அலட்சியம் மட்டும் கூடாது.

இரண்டு பக்கத் தவறும் ஒரே எடை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நோய் இல்லாதவர் என்டெகாவிர் மாதிரி ஒரு மாத்திரையைக் கொஞ்ச காலம் வீணாகச் சாப்பிட்டால் நஷ்டம் காசும் அலைச்சலும். நோய் உள்ளவரை விட்டுவிட்டால் நஷ்டம் உயிர். அதனால்தான் சந்தேகம் தீரும்வரை டாக்டர்கள் மாத்திரை பக்கமே சாய்கிறார்கள். இதில் தப்பு இல்லை. ஆனால் ரிட்டுக்ஸிமாப் வகை மருந்து என்றால் சிகிச்சை முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதம் அந்த மாத்திரையைத் தொடர வேண்டும். பொய்ப் பாசிட்டிவை யாரும் கேள்வி கேட்காமல் விட்டால், இல்லாத நோய்க்கு வருடக்கணக்கில் மருந்து!

*

ஆரம்பமே ஒரு குழப்பம்தான்

சுவாரஸ்யமான விஷயம் ஒன்று. இந்த டெஸ்ட் பிறந்ததே கேன்சர் நோயாளிகளைப் பற்றிய ஒரு குழப்பத்தில்தான்.

அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க் 1960-களில் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் விநோதமான ஒரு புரதம் கிடைத்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயர் வைத்தார். நம் ஊர் லேப்களில் இந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது. இது லுக்கேமியா நோயாளிகளிடம் அதிகமாகத் தென்பட்டது. 1965-ல் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே லுக்கேமியா இருந்தது. ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஏதோ ஒன்று என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

பிறகுதான் உண்மை தெரிந்தது. லுக்கேமியா நோயாளிகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறார்கள். அந்த ரத்தத்தோடு கிருமியும் போகிறது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் என்பதால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. அவர்கள் கண்டது கேன்சரின் அடையாளத்தை அல்ல, ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல்சட்டையை! பிளம்பெர்க்கின் லேபில் வேலை செய்த பெண்மணி ஒருவருக்கே 1967-ல் காமாலை வந்து, அவர் ரத்தத்திலும் அந்தப் புரதம் தெரிந்தது முக்கியமான துப்பு. 1976-ல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பிறந்த நாளான ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அன்றைக்கு வைரஸைப் பார்த்துக் கேன்சரோ என்று நினைத்தார்கள். இன்றைக்குக் கேன்சர் நோயாளிக்கு ஏற்றிய மருந்தைப் பார்த்து வைரஸோ என்று நினைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் குழப்பத்தைத் தீர்த்தது ஒரே கேள்விதான்: இவர் உடம்புக்குள் வெளியிலிருந்து என்ன போனது?

பிளம்பெர்க்குக்கும் சென்னைக்கும் கூட ஒரு தொடர்பு உண்டு. காமாலை என்றாலே நம் வீடுகளில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் பிளம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து அதை ஆராய்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது என்பது முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆராய்ச்சிகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஒரே ஒரு டெஸ்ட், ஒரே ஒரு ஆராய்ச்சி, இரண்டையும் திரும்பச் செய்து பார்க்காமல் நம்பக் கூடாது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். கீமோ நடக்கும்போது கீழாநெல்லியை டாக்டருக்குத் தெரியாமல் அரைத்துக் கொடுக்கும் பாட்டிகள் தயவுசெய்து கவனிக்கவும்!

*

என்ன கேட்க வேண்டும்?

கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு நிற்பவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில:

மூன்றில் எது பாசிட்டிவ்? முதல் டெஸ்ட்டா, ஆன்டிபாடியா? முதல் டெஸ்ட் என்றால் நியூட்ரலைசேஷன் என்ற உறுதிப்படுத்தும் சோதனை செய்தார்களா? டி.என்.ஏ. டெஸ்ட் வேண்டுமா? இதற்கு முன் எடுத்த பழைய ரிப்போர்ட் எங்கே?

டாக்டர் கேட்காவிட்டாலும் நோயாளி சொல்ல வேண்டியவை: சமீபத்தில் ஏற்றிய ரத்தம், பிளாஸ்மா, இம்யூனோகுளோபுலின். போட்ட தடுப்பூசி. சாப்பிடுகிற வைட்டமின்.

இம்யூனோகுளோபுலின் ஏற்றப்போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்துவிடச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது. அந்தப் பழைய காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். கண்டக்டர் பெரியவரைக் காப்பாற்றியது நவீன மெஷின் மட்டும் இல்லை, மஞ்சள் பையில் மடித்து வைத்திருந்த எட்டு மாதப் பழைய ரிப்போர்ட்டும்தான்.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு. ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் மூலமும், உடலுறவின் மூலமும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். ஷேவிங் பிளேடு, டூத்பிரஷ் இவற்றைப் பொதுவில் வைக்கக் கூடாது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, மடியில் உட்காருவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, தும்முவதாலோ பரவாது. கூட இருப்பவர்களுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது.

அதாவது பெரியவருக்கு வந்தது நிஜமான பாசிட்டிவாகவே இருந்திருந்தாலும் அந்த டம்ளரைத் தனியாக வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. லேப் செய்த தவறு மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிட்டது. வீட்டில் நடந்த தவறுக்கு அப்படி ஆயுள் கணக்கு எதுவும் கிடையாது. அதை யாராவது ஒருவர் டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.